பெற்றோர் என்னும் பலர்பால்

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. பல ஆண்டுகளாக அதை வகுப்பில் நடத்திவருகிறேன். உரையாசிரியர்கள் சொன்னதை நானும் சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவேன். ஒரு பெண்ணைச் சந்தித்த பிறகு அதன் மூன்றாம் குறளை அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

முதலாண்டு மாணவன் ஒருவன் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்தான். 18 வயது. "பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வா" என்றோம். அம்மா வந்தார். மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கும் வேலை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். துறை அறையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம், அவர் நின்றார். "வீட்ல பையனைக் கவனிக்கறதில்லையாம்மா?" என்று கேட்டது நான்தான். மன்னிப்புக் கடிதத்தை நீட்டியதும் நான்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவங்கப்பாவுக்கு பாட்டில் வாங்கியாரப் போய்தான் டீச்சர் இவன் கத்துக்கினான். அவரக் கூப்பிடுங்க. என்னையே எத்தினி வாட்டி கூப்பிடுவீங்க? எட்டாவதுலருந்து வந்து நிக்கறேன்."

யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் அந்தப் பையன் கல்லூரிக்கு வரவில்லை.

பெற்றோர் என்பது பலர்பால் என்று இலக்கண வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அழைத்தால் வந்து நிற்பது ஒருத்திதான். வளரிளம் பருவத்தில் குடிக்கத் தொடங்கும் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே மீட்க வேண்டும், அதில் பெற்றோரைச் சேர்க்க வேண்டும் என்று எல்லா விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் பேசுகிறோம். சரியான பேச்சு. ஆனால் அந்தப் பலர்பாலுக்குள் ஒளிந்துகொள்கிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

அந்த மூன்றாம் குறளுக்கு வருகிறேன். பெற்றவள் முகத்துக்கு முன்னாலேயே குடிமயக்கம் துன்பமானது, அப்படியிருக்கச் சான்றோர் முன் எப்படியிருக்கும் என்பது அதன் பொருள். பிள்ளை எது செய்தாலும் மகிழ்கிறவள் தாய், குற்றம் எதையும் பொறுக்காதவர் சான்றோர் என்று பரிமேலழகர் இருவரையும் எதிரெதிராக நிறுத்துகிறார். அடுத்த குறளில் நாணம் ஒரு நல்ல பெண்ணாக வந்து, குடிப்பவனுக்குப் புறமுதுகு காட்டிப் போகிறாள். ஒருத்தி பொறுக்கிறாள், இன்னொருத்தி விலகிப்போகிறாள். இரண்டு குறளிலும் குடியை அளக்கும் கோல் பெண்தான். மக்கட்பேறு அதிகாரத்தில் மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யும் கடமையோடு வருகிற தந்தை, கள்ளுண்ணாமையில் காணவில்லை.

தந்தையைத் தேடிப் புறநானூற்றுக்குப் போனேன். 312ஆம் பாட்டு, பொன்முடியார் என்னும் பெண் பாடியது. பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்கிறது. அங்கே சான்றோன் என்பது வீரனைக் குறிக்கும், போருக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யும் பாட்டு அது. அந்தப் போர்ப்பெருமை எனக்கு உவப்பில்லை. ஆனால் வேலைப் பங்கீடு கவனிக்கத்தக்கது. தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கும் ஒரு கடன். வேந்தனின் கடன் நன்னடை தருவது என்பது ஒரு பாடம், தண்ணடை தருவது என்பது இன்னொரு பாடம். எந்தப் பாடத்தைக் கொண்டாலும் ஒரு பிள்ளை வளர்வது தாய் ஒருத்தியின் பொறுப்பாக இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு பெண் பங்கு பிரித்து வைத்ததை, நாம் ஒரு அழைப்புக் கடிதத்தில் ஒருத்தி தலையில் கட்டிவிட்டோம்.

இன்றைய வேந்தன் என்ன செய்கிறான்? 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. அந்த விதி கடை வாசலில் நிற்கும்வரைதான் விதி. அப்பா குடித்து வைத்த மிச்சத்துக்கு வயது வரம்பு கிடையாது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். அதாவது பெரும்பாலான வீடுகளில் குடியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரைத்தான் குடிக்கு விளக்கம் சொல்ல அழைக்கிறோம்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நம் ஊரில் செய்து காட்டியவரும் ஒரு பெண்ணே. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை உண்டு. குடும்பத்தாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கும், அவர்களும் அடிபட்டவர்கள் என்று உட்காரவைத்துப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் வளர்த்தெடுத்த குடும்பப் பயிற்சியும் இதே திசையில் போகிறது. குடித்திருக்கும்போது சண்டை வேண்டாம், தெளிந்திருக்கும்போது பேசு. குடிக்காத நாளைக் கண்டு பாராட்டு. அவன் செய்ததன் விளைவை மூடி மறைக்காதே. உன் உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள். வன்முறை இருந்தால் முதலில் உன் பாதுகாப்பு.

இதில் முதல் அறிவுரை வள்ளுவரிடமே இருக்கிறது. குடித்தவனிடம் காரணம் சொல்லித் திருத்துவது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போன்றது என்று அதே அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. இதைக் கேலியாகவே படித்துவந்தேன். இப்போது நேரம் பார்த்துப் பேசு என்னும் யோசனையாகப் படிக்கிறேன். கடைசிக் குறளும் தெளிந்திருக்கும் நேரத்தைப் பற்றியதுதான். குடிக்காத பொழுதில் இன்னொருவனின் மயக்கத்தைப் பார்க்கும்போதாவது தன் சோர்வை நினைக்க மாட்டானா என்று அது கேட்கிறது. தாயின் முகத்தையும் நாணத்தின் முதுகையும் விட்டுவிட்டு, நாம் மனப்பாடம் செய்ய வேண்டியவை இந்த இரண்டும்தான்.

என் வீடு சிங்கவரம் மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே குடைவரையில் அரங்கநாதர் பாறையோடு பாறையாகப் படுத்திருக்கிறார். போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு ராஜன் இங்கே வந்து உத்தரவு கேட்டான், சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். அவன் கேட்கவில்லை. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி இளவயதிலேயே செத்தான். சின்ன வயதில் சாமியின் எச்சரிக்கையை மதிக்காதவன் கதை என்று இதைக் கேட்டிருக்கிறேன். இப்போது கேட்டால், ஒரு பையன் வாசலில் வந்து நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவன் நிற்க மாட்டான் என்றுதான் காதில் விழுகிறது. அன்று அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கியபோது நாங்கள் செய்ததும் முகம் திருப்பல்தான்.

இப்போது எங்கள் துறை அழைப்புக் கடிதத்தில் 'பெற்றோர்' என்பதை அடித்துவிட்டு 'தந்தையும் தாயும்' என்று எழுதுகிறேன். தந்தை இல்லாத வீடு என்றால் தாய்மாமனோ சித்தப்பாவோ வரட்டும் என்கிறேன். கூலி போகாதபடி மாலையில் வரச் சொல்கிறேன். அடிவாங்கும் அம்மா என்று தெரிந்தால் அவரைத் தனியே சந்திக்கிறேன், பையனை வேவு பார்க்கும் வேலையை அவருக்குக் கொடுப்பதில்லை. கையெழுத்து வாங்குவதில்லை. 14446 என்னும் இலவச உதவி எண்ணை எழுதிக் கொடுக்கிறேன்.

அப்பாக்கள் எளிதில் வருவதில்லை. வந்தவர்களில் ஒருவர் அரைமணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானே வாங்கியாரச் சொன்னதுதான் மேடம்" என்றார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மகன் குடிப்பதைப் பற்றிய பேச்சில் அந்த அம்மா வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போன முதல் நாள் அது என்று பிறகு என்னிடம் சொன்னார். முதலில் சொன்ன அந்த இன்னொரு அம்மாவின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. இன்னும் நான் அழைக்கவில்லை. அழைக்க வேண்டும்.