தொப்பி மாட்டிய வில்லன்: ஒரு சீனத் தொடரும் ஊவாவின் கதையும்

கடந்த வருடக் கடைசி விடுமுறையில் என் மூத்த மகன் தொலைபேசியை விட்டு அசையவில்லை. பதுளையில் சிங்கள மொழிமூலம் தரம் 10 படிக்கிறவன். என்னதான் பார்க்கிறான் என்று எட்டிப் பார்த்தால், கவசம் போட்ட சீனர்கள் குதிரையில் பாய்கிறார்கள்; கீழே ஆங்கில எழுத்து ஓடுகிறது. ஏசுவதற்கு வாயெடுத்த நேரம் அவனே கேட்டான்: "வாப்பா, இந்த சாவ் சாவ் நல்லவனா கெட்டவனா? ஒரே சொல்லுல செல்லுங்க."

தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்த எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக இரவிரவாகப் பார்த்து, 95 அங்கங்களையும் முடித்த பிறகுதான் எழும்பினேன். அவன் அப்படிக் கேட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் பார்த்தது 2010இல் காவ் ஷிஷி இயக்கிய 'மூன்று இராச்சியங்கள்'. இதே கதையை 1994இல் சீன மத்திய தொலைக்காட்சி, வாங் ஃபூலின் தலைமையில் 84 அங்கங்களாக எடுத்திருந்தது. அதையும் தேடிப் பார்த்தேன். இரண்டுக்கும் மூலம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லுவோ குவான்ஜொங்கின் பெயரில் வழங்கும் 120 அத்தியாய நாவல். ஹான் பேரரசு சிதறி நாடு மூன்றாகப் பிரிந்து, கி.பி. 280இல் மீண்டும் ஒன்றாகும்வரை அதில் கதை ஓடுகிறது. ஹிஜ்ரத்துக்கு ஏறக்குறைய 340 வருடம் முந்திய சங்கதி. எனக்குச் சீனம் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பின் தயவில்தான் நாவலுக்குள் போனேன்.

நாவலில் லியூ பெய் தர்மவான். அரச வம்சத்தின் தூரத்து வாரிசு, செருப்பும் பாயும் பின்னி விற்ற ஏழை. சாவ் சாவ் வஞ்சகன். பேரரசனைக் கைக்குள் வைத்துக்கொண்டு நாட்டை ஆள்பவன். பீக்கிங் இசை நாடகத்தில் அவனுக்கு முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. வெள்ளை முகம் மேடைக்கு வந்தால் துரோகி வந்துவிட்டான் என்று சனத்துக்கு விளங்கும். 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சூ ஷி ஒரு விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார்: தெருவில் கதை கேட்கும் சிறுவர்கள் லியூ பெய் தோற்றால் அழுவார்களாம், சாவ் சாவ் தோற்றால் குதிப்பார்களாம். நாவல் எழுதப்படுவதற்கு முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆறு வருடம் படிப்பித்தவன் நான். அங்கே பொன்னர் சங்கர் கூத்து தெரியாத பிள்ளை இல்லை. "வேட்டுவர் பக்கத்திலிருந்து இந்தக் கதையைச் சொன்னால் எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். பின் வாங்கிலிருந்து ஒருவன், "அப்ப கூத்து எப்புடி சேர் முடியும்?" என்றான். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவன் கேட்டது விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. கூத்து முடிய ஒரு கெட்டவன் வேண்டும். அவனை யார் தெரிவு செய்கிறார்கள், எப்போது, என்ன ஆதாரத்தில் என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம்.

கொடுங்கோலன் டொங் ஜுவோவைக் கொல்லப் போய், முயற்சி பிழைத்துத் தப்பி ஓடுகிறான் சாவ் சாவ். கூட வருபவன் சென் கொங், அவனைப் பிடித்துவிட்டுப் பிறகு மனம் மாறிய அதிகாரி. இருவரும் தகப்பனின் பழைய சிநேகிதர் லூ போஷவின் வீட்டில் தங்குகிறார்கள். கிழவர் விருந்தாளிக்கு மது வாங்கப் போகிறார். பின்பக்கத்தில் கத்தி தீட்டும் சத்தம். கட்டிப்போட்டுக் கொல்லலாமா என்ற பேச்சு. தங்களைத்தான் கொல்லப் போகிறார்கள் என்று நினைத்து வீட்டிலிருந்த எட்டுப் பேரையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். பிறகு பார்த்தால் அடுக்களையில் கட்டிக் கிடப்பது ஒரு பன்றி. விருந்துக்காகத்தான் கத்தி தீட்டியிருக்கிறார்கள். ஓடும் வழியில் மதுவோடு திரும்பும் கிழவர் எதிர்ப்படுகிறார். சாவ் சாவ் அவரையும், இந்த முறை தெரிந்துகொண்டே, வெட்டுகிறான். சென் கொங் கேட்டதற்கு, தான் உலகத்துக்குத் துரோகம் செய்தாலும் உலகம் தனக்குத் துரோகம் செய்ய விடமாட்டேன் என்ற கருத்தில் ஒரு பதில் சொல்கிறான். சீனத்தில் அந்தப் பதில் பழமொழிபோல் ஆகிவிட்டது.

வரலாறு என்ன சொல்கிறது? 3ஆம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாற்றின் மூலப் பிரதியில் இந்தக் கொலையே இல்லை. 429இல் அதற்கு உரைக் குறிப்பு எழுதிய பெய் சொங்ஜ, பழைய நூல்களிலிருந்து மூன்று அறிவிப்புகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். முதலாவதில், வீட்டிலிருந்தவர்கள்தான் கொள்ளையடிக்க வந்தார்கள். சாவ் சாவ் தற்காப்புக்காகக் கொன்றான். அது சாவ் சாவின் வம்சம் ஆண்ட வெய் அரசின் சொந்தப் புத்தகம். தன் எஜமானைக் காப்பாற்றாமல் வேறென்ன செய்யும்? இரண்டாவதில், ஐந்து மகன்மாரும் முறையாக உபசரித்தார்கள். இவன் வீண் சந்தேகத்தில் எட்டுப் பேரைக் கொன்றான். மூன்றாவதில், பாத்திரச் சத்தம் கேட்டுப் பயந்து கொன்றான். பிறகு மனம் நொந்து அந்தப் பதிலைச் சொன்னான். அங்கே அவன் சொல்வது 'உலகம்' அல்ல, 'பிறர்'. ஓர் இரவின் கசப்பில் வந்த சொல். மதுவோடு திரும்பி வந்து வெட்டுப்படும் கிழவர் மூன்று அறிவிப்பிலும் இல்லை. சென் கொங்கும் இல்லை.

அதாவது பிற்காலக் கதை மூன்று காரியம் செய்திருக்கிறது. கிழவரைத் திருப்பிக் கூட்டிவந்து, தவறைக் குற்றமாக்கியது. சென் கொங்கைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு சாட்சியை உண்டாக்கியது. 'பிறர்' என்பதை 'உலகம்' ஆக்கி, நொந்தவனின் வார்த்தையைக் கொடியவனின் கொள்கையாக்கியது. கலையாகப் பார்த்தால் மூன்றும் அற்புதம். மாணவர்களுக்குக் கதைக்கட்டு படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனின் பெயர் பல நூறு வருடம் இதிலே தொங்குகிறது.

இனி நாடகங்களுக்கு வருவோம். 1994 தொடர் நாவலுக்கு விசுவாசமானது. பீச் தோட்டத்தில் லியூ பெய்யும் இரண்டு தோழர்களும் சகோதரராகச் சத்தியம் செய்வதில் அது தொடங்குகிறது. ஆகவே கொலைக் காட்சி வரும்போது எங்கள் மனசு ஏற்கனவே அந்த மூவரிடம் போய்விட்டது. சாவ் சாவை நாங்கள் அவர்கள் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம். பாவ் குவோஆன் அவனை வெறும் வெள்ளை முகமாக நடிக்கவில்லை; சிரிப்பும் கவிதையும் உள்ள மனிதனாக ஆக்கினார். அது நடிகரின் வெற்றி. ஆனால் கதை உட்கார்ந்திருக்கும் இடம் மாறவில்லை.

2010 தொடர் தோட்டத்துச் சத்தியத்தில் தொடங்கவில்லை. நேரே சாவ் சாவிடம் போகிறது. கொடுங்கோலனைக் கொல்லத் துணிகிற ஒரே ஆளாக அவனைக் காண்கிறோம். அவனோடு பயப்படுகிறோம், ஓடுகிறோம். பிறகுதான் அந்த வீடு. கொலைகாரன் எங்களோடு வழி நடந்து வந்தவன் என்பதால் பார்க்கிறவனுக்கும் கை நடுங்குகிறது. சென் ஜியன்பின்னின் நடிப்பு இதைத் தாங்குகிறது. காட்சி அதேதான், அதற்கு முன்னால் என்ன வைத்தார்கள் என்பதுதான் வேறு.

இதை நான் பெரிய திறமையென்று மதிக்கிறேன். ஆனாலும் குறை உண்டு. சாவ் சாவுக்கு மனசு கொடுத்த கையால் லியூ பெய்யிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது தொடர். யூ ஹெவெய்யின் லியூ பெய் கணக்குப் போட்டுக் கண்ணீர் விடுபவனாகவே எனக்குத் தெரிகிறான். வெள்ளைப் பூச்சை ஒரு முகத்திலிருந்து துடைத்து மற்ற முகத்தில் பூசினால் அது நீதி ஆகாது. அத்தோடு, பெய் சொங்ஜ செய்ததை இரண்டு தொடரும் செய்யவில்லை. 'இப்படியும் சொல்கிறார்கள்' என்று கமராவால் எளிதில் சொல்ல முடியாது. அது காட்டியதெல்லாம் நடந்ததாகிவிடுகிறது.

எங்கள் மரபு இந்த இடத்தில் ஏழையல்ல. அத்தபரீ தன் வரலாற்றில் முரண்படும் அறிவிப்புகளை அறிவிப்பாளர் வரிசையோடு அடுத்தடுத்து வைக்கிறார். தனக்கு வந்து சேர்ந்ததைத் தருகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் சூறா ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். இலக்கியத்திலும் அப்படித்தான். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அபூஜஹிலை ஊமையாக்கவில்லை. அவன் வாதத்தை அவன் வாயாலேயே சொல்ல விட்டிருக்கிறார்.

இப்போது என் மகன் கேட்டதன் காரணம். நகரில் ஒரு மேடை நாடகம் பழகினார்கள். பொருள் 1817-18 ஊவா வெல்லஸ்ஸ எழுச்சி. கெப்பெட்டிபொல வேஷத்துக்குப் பிள்ளைகள் அடிபட்டார்கள். ஹாஜி மரிக்கார் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கூட்டாளி ஒருவன் இவன் தோளில் தட்டி, "ஒயாட்ட மேக்கப் ஓனெ நே" என்றானாம். உனக்கு மேக்கப் தேவையில்லையே என்று அர்த்தம். சிநேகிதத்தில் சொன்னதுதான், வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. அந்தப் பாத்திரத்துக்குத் துருக்கித் தொப்பி உண்டு, தாடி உண்டு. வசனம் மட்டும் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் பக்கத்தில் நிற்க வேண்டும், பிடிபட வேண்டும், அவ்வளவுதான்.

தெரிந்ததைச் சொல்வோம். வெல்லஸ்ஸவின் முஸ்லிம்கள் கண்டி அரசின் கீழ் தவளம் ஓட்டியவர்கள். மாட்டு முதுகில் உப்பும் பாக்கும் ஏற்றி மலைக்கும் கரைக்கும் நடந்தவர்கள். 1815இல் ஆட்சி ஆங்கிலேயரிடம் போனது. அவர்கள் அந்த முஸ்லிம்களை வெல்லஸ்ஸத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்காரை முஹந்திரமாக நியமித்தார்கள். பிரபுக்களின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1817 செப்டெம்பரில் கிளர்ச்சியாளர் கையில் அவர் பிடிபட்டார், பிறகு கொல்லப்பட்டார். பதுளையிலிருந்து புறப்பட்டுப்போன உதவி வதிவிட அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். அதன்பின் ஆங்கிலேயர் ஊவாவில் வயலையும் வீட்டையும் எரித்தார்கள். அந்த நெருப்பின் துக்கம் இன்றும் இந்த மண்ணில் இருக்கிறது. அதை நாங்கள் சின்னதாக்கக் கூடாது.

ஆங்கிலேயரின் ஏட்டில் ஹாஜி மரிக்கார் விசுவாசி. மேடையில் துரோகி. பதவி அவர் கேட்டு வாங்கியதா, தலையில் கட்டப்பட்டதா? தவளக்காரருக்குத் திசாவையின் கீழ் என்ன குறை இருந்தது? நான் பார்த்த எந்தக் கதையிலும் இந்தக் கேள்விக்கு அவர் வாயால் ஒரு சொல் இல்லை. அந்தத் தொப்பியும் பொய்ச் சாட்சி. துருக்கிப் படையே அதை 1820களில்தான் அணியத் தொடங்கியது. இங்கே அது பரவியது 1883இல் ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டு வந்த பிறகு. அந்தத் தொப்பிக்காக நாங்கள் போராடியது 1905இல். 1817இல் ஒரு வெல்லஸ்ஸக்காரரின் தலையில் அது எப்படி ஏறியது? பீக்கிங் மேடையில் வெள்ளைப் பூச்சு செய்யும் வேலையை இங்கே தொப்பி செய்கிறது.

எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பங்கரகம்மனையில் மன்னனைக் காட்டிக்கொடுக்காமல் உயிர்விட்ட முஸ்லிம் பெண்ணின் கதையை ஒவ்வொரு மீலாத் மேடையிலும் சொல்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். எந்த மன்னன், எந்த வருடம், யார் அறிவித்தது என்று ஒருநாளாவது கேட்டோமா? எங்களுக்கு இனிக்கும் கதைக்கு ஸனது கேட்காமல், கசக்கும் கதைக்கு மட்டும் கேட்டால் யார் காது கொடுப்பார்? ஹாஜி மரிக்காரை வீரனாக்கி ஒரு நாடகம் போடுவது லேசு. 2010 தொடர் வழுக்கிய இடமும் அதுதான்.

மகனிடம் நடிக்காதே என்று சொல்லவில்லை. "வசனம் இல்லாட்டி நீயே எழுதிட்டுப் போ" என்றேன். நாலு வரி எழுதினான்: எரிந்த வீட்டைப் பார்த்தபடி, இரண்டு பக்கமும் என்னை ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் என்று ஹாஜி மரிக்கார் சொல்வதாக. தொப்பி பிழை என்பதை நாடகம் பழக்கிய ஆசிரியர் ஒப்புக்கொண்டு கழற்றிவிட்டார். நாலு வரிக்கு நேரம் இல்லை என்றுவிட்டார். மகன் நடிக்கவில்லை; முன்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு வந்தான்.

அந்த நாலு வரிக்கு ஆதாரமும் இல்லைதான். அது கற்பனை என்பதை அவனுக்கும் சொன்னேன். ஆதாரம் தேடுவது எங்கள் வேலை. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்கள் இருக்கின்றன. சிங்களத்தில் நாட்டார் கவிகள் இருக்கின்றன. பிபிலை, மெதகம பக்கத்து ஊர்களில் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுத ஒருவர் வேண்டும். இந்த இதழின் வாசகர்களில் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த இளம் ஆசிரியர் யாராவது முன்வந்தால், ஊர் ஊராக நடக்க நானும் வருகிறேன். மகனும் வருவான். அவன் கேட்ட ஒரு சொல்லை நான் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை.