சொல்லத் தயங்கிய குரல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி என்றொரு நகர் உண்டு. 'கிறிஸ்துவின் திருவுடல்' என்பது அப்பெயரின் பொருள். அங்கேதான் பாடகி செலினா, தம் ரசிகர் மன்றத் தலைவியாய் இருந்தவராலேயே 1995 மார்ச் 31 அன்று சுடப்பட்டு இறந்தார். வயது 23. அவர் பாடி வைத்திருந்த 'ஐ குட் ஃபால் இன் லவ்' அவ்வாண்டே வெளிவந்தது.

பாடல் எளியது. உள்ளத்தில் அரும்பிய காதலைச் சொல்லிவிடலாமா என ஒருத்தி தயங்குகிறாள், அவ்வளவே. கீத் தாமஸின் இசையமைப்பில் மெருகு மிகுதி. நம் செவிக்குச் சற்றே திகட்டுகிறது. ஆயினும் ஆங்கிலப் பாட்டின் நடுவே அவர் ஸ்பானிய மொழியில் மெல்லப் பேசத் தொடங்கியதும் திகட்டல் மறைகிறது. (அம்மொழியைப் பாடிப் பாடியே கற்றவர் அவர் என்பது வியப்பு.) மேடை விலகி, அருகமர்ந்து ஒருத்தி பேசுவது போலாகிறது.

அத்தயக்கத்தில் சாவின் நிழலைக் காண்போர் உளர். நாம் உடன்படோம். அவர் அறியாத சாவை அவர் குரலில் ஏற்றுவது, அவர் பாடியதைக் கேட்க மறுப்பதாகும். 'நாளை சொல்லிக்கொள்ளலாம்' என்றிருப்பவளின் தயக்கமன்றோ அது! 2022இல் அவருடைய சிறுவயதுக் குரலைக் கருவிகொண்டு முதிர்வித்து 'மூன்சைல்டு மிக்ஸஸ்' என்று வெளியிட்டனர். நமக்கு அது உவப்பாயில்லை. இப்பாடலிலோ அவ்விளங்குரல் உள்ளபடியே ஒலிக்கிறது.