திறந்த வாயிலும் வரவேற்கும் உள்ளமும்

கற்பதற்கு அரிதான ஒன்று எளிமையாக்கப்படும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழுகின்றன. இனி எல்லாரும் வரலாம் என மகிழ்வோர் ஒருபுறம்; இனி இதற்கு என்ன மதிப்பு என வருந்துவோர் மறுபுறம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் இலத்தீன் திருப்பலி மக்களின் மொழிகளில் ஒலிக்கத் தொடங்கியபோது திருச்சபையிலும் இவ்விரு குரல்கள் எழுந்தன. அதே வழக்கு இன்று முற்றிலும் வேறோர் அரங்கில், நம் பிள்ளைகளின் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் நடைபெறுகிறது. வெறும் விளையாட்டுத்தானே என ஒதுக்காமல், அதனைத் திறனாய்வுக் கண்கொண்டு நோக்குவோம்.

'டோட்டா' என்னும் பெயரை அறியாத பெற்றோர் உண்டு. அறியாத பொறியியல் கல்லூரி விடுதிகள் அரிது. 2003ஆம் ஆண்டில் 'வார்கிராஃப்ட் 3' என்னும் கணினி விளையாட்டின்மீது ஆர்வலர்கள் கட்டியெழுப்பிய ஆட்டம் அது. அதன் வழியில் 2009இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' வந்தது. 2013இல் 'டோட்டா 2' வந்தது. ஐவருக்கு எதிராக ஐவர். இரு முனைகளிலும் இரு கோட்டைகள். இடையே மூன்று பாதைகள். ஒவ்வொருவரும் ஒரு வீரனை இயக்கி, எதிரியின் கோட்டையைத் தகர்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி 'டோட்டா 2' ஆடி வெண்கலம் வென்றது.

விதியைச் சொல்வது எளிது, ஆடுவதோ கடினம். நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆற்றல்கள். கடையில் வாங்கத்தக்க பொருள்களும் ஏராளம். எதிரியின் சிற்றாள் வீழும் நொடியில் கடைசி அடியை அடித்தவனுக்கே அதற்குரிய பொன் முழுமையாகக் கிட்டும். ஆட்டமோ முக்கால் மணி நேரம்கூட நீளும். இவற்றையெல்லாம் உழைப்பால் கற்றுவிடலாம். கற்க இயலாதது வேறொன்று. புதியவன் ஒருமுறை வீழ்ந்தால் அவன் மட்டும் தோற்பதில்லை. அவனை வீழ்த்தியவன் பொன்னும் அனுபவமும் பெற்று வலிமை கொள்கிறான். மற்ற நால்வரும் அதன் விலையைக் கொடுக்கின்றனர். ஆகவே அந்நால்வரும் அவனை ஏசுகின்றனர். 'நூப்' என்னும் சொல் இளைஞரிடையே வசைச்சொல்லாக வழங்குகிறது. இவ்வகை ஆட்டங்களின் உண்மையான மதில் அறிவைத் தடுப்பதன்று; வெட்கத்தால் எழுப்பப்பட்டது.

இம்மதிலை இடிக்க முனைந்தவற்றுள் என் மதிப்பைப் பெரிதும் பெற்றது, பிளிசர்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம்'. அதில் பொன் இல்லை, கடை இல்லை, கடைசி அடிக்குத் தனிப்பரிசும் இல்லை. ஒருவர் ஈட்டும் அனுபவம் அணி முழுவதற்கும் பொதுவாகச் சேர்கிறது. ஐவரும் ஒன்றாகவே உயர்கின்றனர். ஆட்டமும் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் முடிந்துவிடும். தனியுடைமை கொள்ளாமல் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்த தொடக்கத் திருச்சபையைத் 'திருத்தூதர் பணிகள்' நூலில் வாசித்தவர்க்கு இவ்வமைப்பு வியப்பூட்டும்.

ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. பொன்னைப் பொதுவாக்கிய அவ்வாட்டத்திலும் ஏசல் ஒழியவில்லை. எவ்வளவு திறமையாக ஆடினாலும் பிறர் பிழையால் தோற்கிறோமே என்பது தேர்ந்தவர்களின் மனக்குறை. தனித்துச் சிறக்க வழியில்லை எனச் சலித்தவரும் உண்டு. 2018 டிசம்பரில் நிறுவனம் தன் தொழில்முறைப் போட்டிகளை நிறுத்தியது. 2022இல் விற்பனைக்குரிய புதிய வீரர்களை இனி உருவாக்குவதில்லை என அறிவித்தது. ஆட்டம் இன்றும் உயிரோடிருந்தாலும் வளர்ச்சி ஓய்ந்துவிட்டது. இத்தேய்வுக்கு வாணிகக் காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் விதிகளின்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. ஆனால் ஏசல் ஒழியாமைக்கு ஒரு காரணத்தைத் திருத்தூதர் பணிகளே உணர்த்துகிறது. அந்நூலில் உள்ளம் ஒன்றாவது முதலில் வருகிறது. உடைமை பொதுவாவது அதன் கனியாக வருகிறது. வரிசையை மாற்றினால் கனி கிட்டுவதில்லை. விதி பொன்னைப் பங்கிடலாம். பொறுமையைப் பங்கிட அதனால் இயலாது.

2021இல் வெளிவந்த 'போக்கிமான் யுனைட்' இன்னும் எளிது. குழந்தைகள் அறிந்த உருவங்கள். பத்தே நிமிட ஆட்டம். கோட்டையைத் தகர்ப்பதற்கு மாறாகப் புள்ளிகளைச் சேர்த்து வளையத்தில் இடுதல். இறுதி இரண்டு நிமிடங்களில் இடும் புள்ளிகள் இருமடங்காகும் என்பதே இதன் சிறப்பு விதி. எட்டு நிமிடம் பின்தங்கியவரும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முழுக்கூலி தந்த திராட்சைத் தோட்ட உரிமையாளரின் உவமையை மத்தேயு நற்செய்தியில் படித்த நமக்கு இது அருளின் விதியாகவே தோன்றக்கூடும். ஆழ்ந்து நோக்கினால் அவ்வாறன்று. உவமையில் கடைசியில் வந்தோர் பெற்றது உரிமையாளரின் கொடை. முதலில் வந்தோரின் கூலியில் ஒரு காசும் குறையவில்லை. இங்கோ ஒருவர் உயர்வதற்கு மற்றவரின் எட்டு நிமிட உழைப்பு மதிப்பிழக்கிறது. இது பரபரப்பூட்டும் உத்தி. அதனை இரக்கம் என அழைப்பது பொருந்தாது.

மற்றொரு குறை இதனினும் பெரிது. வெளிவந்த காலத்தில் அவ்வாட்டத்தின் துணைப்பொருள்களைப் பணம் செலுத்தி விரைவில் வலிமையாக்கிக்கொள்ள வழியிருந்தது. அறிவு என்னும் சுங்கத்தை வாயிலில் நீக்கிவிட்டு, உள்ளே பணம் என்னும் சுங்கத்தை வைப்பது எளிமையாகாது. தந்தையின் பணப்பையை நம்பும் சிறுவனும், அது இல்லாத சிறுவனும் அங்கே சமமாக நிற்கவில்லை.

எளிமை என்றால் ஆழமின்மை என்று எண்ணுவோர்க்கு நம் ஊர்ச் சாவடிகளின் கற்பலகைகள் மறுமொழி தரும். ஆடுபுலி ஆட்டத்திற்கு வேண்டுவன ஒரு கரித்துண்டும் சில கூழாங்கற்களுமே. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள்; ஐந்து நிமிடத்தில் விதிகளைச் சொல்லிவிடலாம். தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாவி வெட்டும். சேர்ந்து நிற்கும் ஆடுகள் புலியை அடைத்துவிடும். ஒரு வாழ்நாள் முழுதும் ஆடினாலும் அதன் நுட்பம் தீர்வதில்லை. அங்கே புதியவனை வளர்ப்பது யார்? அருகிலிருந்து, "அங்கே வைக்காதே கண்ணு" எனச் சொல்லும் பெரியவரே.

இதற்கு நிகரான ஒன்று 'ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம்' ஆட்டத்திலும் உண்டு. 2015 நவம்பரில் அதில் சேர்க்கப்பட்ட 'சோகால்' என்பவன் இருதலை அரக்கன். ஓருடலை இருவர் இயக்க வேண்டும்: ஒருவர் நடத்திச் செல்வார், மற்றவர் உடன்சென்று தாக்குவார். தேர்ந்தவன் நடக்க, புதியவன் அவன் தோள்மேல் இருந்தபடியே போர்க்களத்தைக் கற்கலாம். ஒருவன் வீழ்ந்தால் இருவரும் வீழ்வர்; எனவே கற்பிப்பதில் தேர்ந்தவனுக்கும் அக்கறை உண்டு. பல உறுப்புகள், ஒரே உடல் எனக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை இவ்வளவு நேராக நினைவூட்டும் விளையாட்டு வேறொன்றை நான் அறியேன்.

கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள பட்டறைகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பயில வந்த பையனிடம் முதல் நாளே லேத்தை ஒப்படைப்பதில்லை. போலி இரும்பைக் கொடுத்து ஏமாற்றுவதும் இல்லை. கையில் அரத்தைக் கொடுத்து உண்மையான இரும்பையே தேய்க்கச் சொல்கின்றனர். வேலை சிறிது; ஆயினும் அது மெய்யான வேலை. பக்கத்தில் ஒரு மேஸ்திரி நிற்கிறார்.

ஆகவே தொடக்கநிலையோருக்கான ஆட்டங்களை மதிப்பிட விரும்பும் பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்கலாம். எதனை நீக்கி இது எளிதாயிற்று? நீக்கியதன் இடத்தில் எதனை வைத்தது? புதியவன் பிழை செய்யும்போது அவன் அருகில் நிற்பவர் யார்? முதலிரு வினாக்களுக்கு விடை தர வேண்டியவர்கள் ஆட்டத்தை ஆக்கியோர். மூன்றாம் வினாவுக்கு விடை ஆடுவோரிடமே இருக்கிறது.

அது நம்மிடமும் கேட்கப்படும் வினாவே. திருப்பலி நம் மொழிக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வாயில் திறந்தே இருக்கிறது. ஆயினும் ஞாயிறன்று கடைசி வரிசையில் எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது எனத் தெரியாமல் திகைக்கும் ஒருவரை நாம் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கிறோமா, நகர்ந்து இடம் கொடுத்துப் பாடல் நூலை அவர் பக்கமாகச் சாய்க்கிறோமா? மொழிபெயர்ப்பு செய்ய இயலாத பணி ஒன்று அங்கே எஞ்சியிருக்கிறது. அதனைச் செய்வதற்குத் தேர்ச்சி வேண்டியதில்லை. முன்பொரு நாள் தாமும் புதியவராய் வந்து நின்றதை மறவாதிருந்தால் போதும்.