எத்திரோ கண்டதும் நாம் காணாததும்

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்து, 1951-இல் டோனாவூரில் மறையும் வரை ஒருமுறையேனும் விடுப்பில் தாயகம் செல்லவில்லை. நம் பிரசங்கங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் சலிப்பின்றி எடுத்துரைக்கப்படும் செய்தி இது. இதன் உண்மையில் ஐயமில்லை. நாம் அதைக் கையாளும் முறையே ஆய்வுக்குரியது. 1931-இல் விழுந்து காயமுற்ற அம்மையார், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அக்காலத்திலும் டோனாவூரில் பிள்ளைகள் வளர்க்கப்பட்டனர், நோயாளிகள் பேணப்பட்டனர். அப்பணியைச் சுமந்தவர்களுக்கு நம் பிரசங்கங்களில் இடமில்லை. அம்மையார் மணமாகாதவர் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தொண்டு நிறுவனம் நடத்தும் பெண்ணுக்கு இதையே அளவுகோலாக்கலாமா? கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தில்தான் 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தோன்றின. இன்று சிப்காட் ஆலைகளில் ஷிப்டு முடித்துத் திரும்பும் பெண்கள் தம் குறையைச் சொல்ல வருவது பெரும்பாலும் இருட்டிய பின்னரே. அதைக் கேட்கும் தலைவிக்கும் வீடு உண்டு. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்வோருள் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர்.

நேரத்தைத் திட்டமிட வேண்டும், அதிகாலையில் எழ வேண்டும் என்று இவர்களுக்கு நாம் அறிவுரை கூறுகிறோம். இது நோயை நோயாளியின் குணக்குறையாக்கும் மருத்துவம். அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. கணக்கரின் ஊதியமும் அவ்வரம்புக்குள் அடங்கும். சிறு நிறுவனத்தில் கணக்கர் இல்லையெனில் பேரேட்டை எழுதுபவர் யார்? தலைவியே, அதுவும் பிள்ளைகள் உறங்கிய பின்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை நிர்வாகப் பாடமாக மட்டுமே நாம் போதித்து வருகிறோம். அதன் தொடக்கத்தை வாசிப்போர் சிலரே. எத்திரோ தனியே வரவில்லை; பிரிந்திருந்த சிப்போராளையும் இரு மைந்தரையும் மோசேயிடம் அழைத்து வருகிறார். மறுநாள்தான் காலைமுதல் மாலைவரை அவர் தனித்து நியாயம் தீர்ப்பதைக் கண்டு கண்டிக்கிறார். குடும்பமும் சுமையும் ஒரே அதிகாரத்தில் அமைந்தது தற்செயலன்று என்பது என் துணிபு. நேரத்தைச் சிக்கனப்படுத்தும்படி எத்திரோ கூறவில்லை. பொறுப்பைப் பிறரோடு பகிரும்படி கூறினார்.

சுய உதவிக் குழுக்கள் இதனை ஓரளவு அறிந்திருந்தன. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் எனப் பொறுப்பு அங்கே மூவரிடம் பகிரப்பட்டது. அக்குழுக்களைத் தாங்கும் நிறுவனங்களிலோ காசோலை, அறிக்கை, அதிகாரிகளின் சந்திப்பு யாவும் ஒருவர் தலைமேலேயே விழுகின்றன. அவற்றின் ஆட்சிக் குழுக்களில் போதகர்களாகிய நாமும் அமர்ந்திருக்கிறோம். அடுத்த வரவுசெலவுத் திட்டம் நம் முன் வைக்கப்படும்போது, துணைச் செயலர் ஒருவரின் ஊதியத்துக்கு உள்நாட்டு நன்கொடையிலிருந்து ஒரு தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா என்று நாமே கேட்கலாம். கூட்டத்தை மாலை ஆறு மணிக்குக் கூட்டாமலும் இருக்கலாம்.