நடுங்கும் கையில் ஒரு படக்கருவி

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பர் தொல்காப்பியர். அவற்றுள் விலங்கும் ஒன்று. அந்நிலைக்களனைத் திரைக்கலை நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளது. 1933-இல் வந்த 'கிங்காங்', 1954-இல் ஜப்பானியர் படைத்த 'காட்சில்லா' ஆகியவற்றில் விலங்கு முழுவுருவாய்த் தோன்றுகிறது. காண்போன் அச்சமற்ற தொலைவில் அமர்ந்து காண்கிறான். 2008-இல் மாட் ரீவ்ஸ் இயக்கிய 'குளோவர்ஃபீல்டு' அத்தொலைவை அழிக்க முயன்றது. அம்முயற்சி கலையா, வெறும் உத்தியா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கதை எளியது. பணியின்பொருட்டு ஜப்பான் செல்லவிருக்கும் ராப் என்னும் இளைஞனுக்கு நியூயார்க் நகரில் நண்பர்கள் பிரிவு விருந்து நடத்துகின்றனர். அதைப் பதிவு செய்யும் பொறுப்பு ஹட் என்பானிடம் வந்து சேர்கிறது. அன்றிரவு பேருருவ விலங்கொன்று நகரைத் தாக்குகிறது. சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து விழுகிறது. ஹட் ஓடுகிறான், ஓடிக்கொண்டே படமும் எடுக்கிறான். அவன் கைக்கருவி கண்ட அளவே பெரும்பாலும் படமாகிறது.

காட்சிகள் ஓயாது ஆடுவதால் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாயின. அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில் இது குறித்து எச்சரிக்கை அறிவிப்பும் வைக்கப்பட்டது. உடலை வருத்துவது கலையாகுமோ என வினவுவோர் உளர். தன்மைக் கூற்றில் அமைந்த கதையில் கூறுவோன் அறிந்ததற்கு மேல் ஒன்றும் இடம்பெறலாகாது என்பது மாணவரும் அறிந்த நெறி. ஹட் ஒளிப்பதிவுக் கலைஞன் அல்லன்; உயிருக்கு அஞ்சி ஓடுபவன். அவன் கை நடுங்காதிருப்பின் அதுவே பொய்யாகும். கதை முடியும்வரை பின்னணி இசை சேர்க்கப்படாததும் அந்நெறிக்கு இயைந்ததே.

ஆயினும் குறையும் உண்டு. எத்துணைக் குழப்பத்திலும் கதைக்கு வேண்டியது மட்டும் தவறாமல் கருவியில் அகப்படுகிறது. அவ்விடங்களில் ஹட் மறைந்து இயக்குநர் வெளிப்படுகிறார். துண்டு துண்டாகத் தோன்றி அச்சுறுத்திய விலங்கு இறுதியில் முகம் முழுதும் காட்டும்போது அச்சம் குறைந்து வியப்பே எஞ்சுகிறது.

எனினும் படத்தின் உயிர்நிலை விலங்கில் இல்லை. விழுந்த சிலைத் தலையைச் சூழ்ந்தோர் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். ஹட்டோ கைவிட்ட கருவியை எடுக்கத் திரும்பிச் சென்று உயிர் துறக்கிறான். துன்பத்தைக் கண்டு உதவுவதினும் அதைப் பதிந்து வைப்பதே முதன்மையாகிவிட்ட காலத்தின் மீது இதனினும் கூரிய விமரிசனம் அரிது.

அதே பதிவு மற்றொன்றையும் காக்கிறது. ராபும் பெத் என்னும் நங்கையும் கோனித் தீவில் கழித்த இன்பநாளைப் பதிந்திருந்த நாடாவின் மேல்தான் இத்துயர் பதிவாகிறது. இடையிடையே பழைய காட்சி தலைகாட்டுகிறது. படமும் அம்மகிழ்ச்சியிலேயே முடிகிறது. அழிவுக்குப் பின் வரும் அச்சிரிப்பு, விலங்கின் பேரொலியினும் நெஞ்சை நடுக்குகிறது. அச்சத்தில் தொடங்கிய படம் அழுகையில் நிறைவெய்துகிறது. ஆகவே, குறை சில இருப்பினும், 'குளோவர்ஃபீல்டு' உத்தியைக் கடந்து கலையாகிறது எனத் துணியலாம்.