கொலைக்களக் காதையில் களவும் நீதியும்

களவு, வஞ்சகம், காதல் மூன்றும் பின்னிய இருண்மைக் குற்றப்புனைவின் இயல்பு சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் காணத்தக்கது. கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லனே என்பதை அவன் எண்ணவோட்டத்தின்வழி இளங்கோவடிகள் முன்னரே உணர்த்திவிடுகிறார். எனவே கள்வன் யார் என்பதன்று, நீதி எங்குப் பிழைத்தது என்பதே வினா.

தேவியின் ஊடல் தணிக்க விரையும் பாண்டியன் ஆராயாது ஆணையிடுகிறான். கோவலனின் தோற்றங்கண்டு ஐயுறும் காவலர்க்கு, மந்திரம் முதல் கருவி ஈறாகக் களவின் 8 துணைகளை உண்மைக் கள்வனே விரித்துரைக்கிறான். தன் தொழிலறிவைப் பிறன்மீது சான்றாக்கும் இம்முரணே காதையின் உயிர்நிலை.

வழக்குரை காதையில் மாணிக்கப் பரல் உண்மையை நிறுவினும் போன உயிர் மீளவில்லை. ஆதலின் கதை வஞ்சிக் காண்டத்து மலைக்குச் செல்கிறது. கண்ணகி விண்ணேறிய இடமாகக் கருதப்படும் இடுக்கி எல்லையின் மங்கலதேவி கோட்டம், சித்திரை முழுநிலவன்று மட்டும் வழிபாட்டுக்குத் திறக்கப்படுகிறது. அவை தரவியலாத நீதியைக் காப்பியம் வழிபாடாக்கியது எனலாம்.