கத்தரியும் மணலும் சொல்லும் கதைகள்

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கோடை விடுமுறையும் அதற்குள் வந்துவிடுவதால், கடலோர ஊரான கோட்டைப்பட்டினத்தில் அத்தாவோ அப்பாவோ பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் காலம் அது. அந்நாட்களில் பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப்படங்களோ பெரும்பாலும் ஒரே அச்சு: ஓட்டம், அடி, அலறல். அசைவூட்டக் கலை இவ்வளவுதான் என்று அவர்கள் நம்பிவிடக் கூடாது.

நமக்கு நெருக்கமான மரபு நிழல். தோல்பாவைக்கூத்து ஆடும் மண்டிகர் குடும்பங்கள் ஆட்டுத்தோலில் பாவை வெட்டி, வண்ணம் தீட்டி, திரைக்குப் பின்னால் விளக்கேற்றி ராமாயணமும் நல்லதங்காளும் ஆடின. கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் பாட்டியும் பேரனும் சேர்ந்து சிரிப்பார்கள். இதே நிழலைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜெர்மனியின் லோட்டே ராய்னிகர் கறுப்பு அட்டையைக் கத்தரியால் வெட்டி, கீழிருந்து ஒளி வரும் கண்ணாடிமேல் கிடத்தி, சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்தார். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளைக் கொண்டு அவர் செய்த ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ 1926இல் வெளிவந்தது. அந்த உருவங்களுக்கு முகபாவம் கிடையாது. கழுத்து சாயும் விதத்திலேயே நாணமும் சினமும் தெரிந்துவிடும்.

அசைவூட்டக் கலைஞர் கரோலின் லீஃப் 1969இல் கண்ணாடிமேல் மணலைப் பரப்பி விரலால் ஓநாய் வரைந்தார். ஒரு படம் எடுத்ததும் அதைக் கலைத்துத்தான் அடுத்ததை வரைய முடியும். ரஷ்யாவின் யூரி நார்ஸ்டெய்ன் ‘மூடுபனியில் முள்ளெலி’ (1975) படத்துக்குப் பனியை மெல்லிய தாளால் உண்டாக்கினார்: தாளைப் பொம்மைக்கு மேலே பிடித்து, கேமராவை நோக்கி மெல்ல உயர்த்தினால் முள்ளெலி மங்கி மறையும். பத்து நிமிடப் படம், பேச்சு மிகக் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் படம் இதுதான்.

இந்தியாவிலும் குறைவில்லை. தூர்தர்ஷனில் பலர் பார்த்த ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ 1974இல் விஜயா முலே எடுத்தது. குஜராத்தில் பிறந்த இஷு படேல் 1977இல் கனடாவில் பாசிமணிகளை நகர்த்தியே ‘பீட் கேம்’ செய்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். சுரேஷ் எரியாட்டின் ‘ஃபிஷர்வுமன் அண்ட் டுக் டுக்’ தேசிய விருது பெற்றது. ஆட்டோ வாங்கக் கனவு காணும் மீன்காரப் பெண்ணின் கதை. நம் கடற்கரைப் பிள்ளைகள் அவளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இவற்றை எடைபோட என்னிடம் உள்ள முதல் அளவுகோல், படம் முடிந்ததும் பிள்ளையின் கை எதையாவது தேடுகிறதா என்பது. தாளும் மணலும் மணியும் திரையில் தாளாகவும் மணலாகவும் மணியாகவுமே தெரிவதால், நாமும் செய்யலாம் என்ற துணிவு வருகிறது. பளபளப்பான கணினிப் படம் அந்தத் துணிவை எளிதில் தருவதில்லை. இன்னொன்று, பக்கத்தில் உட்காரும் பெரியவருக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். பிள்ளையை அடக்கி வைப்பதற்காகப் போட்டுவிட்டு எழுந்து போகிற படம் குடும்பப் படம் ஆகாது.

ஊர்ப் பள்ளிகளுக்கும் நூலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வரும் தடைக்காலத்தில் வாரம் ஒரு மாலை, இப்படி ஒரு குறும்படத்தைத் திரையிடுங்கள். பிள்ளைகளோடு பெற்றோரையும் அழையுங்கள். படம் முடிந்ததும் கத்தரியும் கறுப்பு அட்டையும் ஒரு கைபேசியும் பிள்ளைகளிடம் கொடுங்கள்.